மின்னலின் பேனா

"எடுத்தது யாரா இருந்தாலும் சரி, இன்னிக்கு விடமாட்டேன்!"

கணக்கு சார் மேஜையைத் தட்டிய தட்டில் சாக்பீஸ் டப்பா உருண்டு கீழே விழுந்தது. எடுத்து வைக்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

விஷயம் இதுதான். டெஸ்ட் என்றால் போதும், மின்னலின் பேனா காணாமல் போய்விடும். வகுப்பிலேயே படு கெட்டிக்காரி அவள். சார் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். அதனால் வந்த பட்டப்பெயர்தான் மின்னல். அதைச் சொல்லிச் சொல்லியே மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். பையை ஒளித்து வைப்பார்கள். பக்கத்தில் உட்காரக்கூட மாட்டார்கள்.

சாருக்கோ அவள் என்றால் உயிர். பின்னே? இப்படி ஒரு பிள்ளை வருஷா வருஷமா கிடைக்கும்?

"படிக்கிற பிள்ளையைக் கண்டா அப்படி என்ன வயித்தெரிச்சல் உங்களுக்கு? டெஸ்ட் கிடக்கட்டும். திருடன் யாருன்னு தெரியாம ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது!"

கடைசி பெஞ்ச் வாயாடி மெல்ல எழுந்தாள். "சார், கிண்டல் பண்றது நாங்கதான், ஒத்துக்கறோம். ஆனா பேனாவைத் தொட்டதே இல்லை."

"வாயை மூடு! எனக்கு முதல் சந்தேகமே உன் மேலதான்!"

"அவளைத் திட்டாதீங்க சார்."

எழுந்து நின்றது மின்னல். டெஸ்க்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து, காலுறைக்குள்ளிருந்து பேனாவை உருவி எடுத்தாள்.

"நானேதான் ஒளிச்சு வெச்சேன்."

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயா? ஏம்மா? இவங்களுக்குப் பயந்தா?"

"ஆமா சார், பயந்துதான். நான் முடிச்ச உடனே, 'மின்னல் முடிச்சாச்சு, உங்களுக்கு மட்டும் என்ன கேடு'ன்னு எல்லார் பேப்பரையும் பிடுங்கிடறீங்க. இவங்க பாதிக் கணக்குல நிப்பாங்க. அந்தக் கோபத்தை அப்புறம் என்கிட்ட காட்டுவாங்க. நான் பேனா தேடற நேரத்துல இவங்க எழுதிக்கட்டுமேன்னுதான்..."

சார் குனிந்து, கீழே கிடந்த சாக்பீஸ் டப்பாவைத் தானே எடுத்து வைத்தார். அவளைப் பெருமைப்படுத்துவதாக அல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்!

"இனிமே ஒளிக்க மாட்டேன் சார். யார் என்ன சொன்னாலும் எனக்கு வர்ற வேகத்துலதான் எழுதுவேன்."

மின்னல் சுவரைக் காட்டினாள்.

"நேரம் பார்க்க அங்கே கடிகாரம் இருக்கு சார். இனிமே என்னைப் பார்க்காதீங்க."