மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவதற்கு

மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவதற்குத் தாவும் இடத்தில் சந்திரகுமாரின் கை தடுமாறியது.

கிட்டார் மீட்டும் சிறு வில்லையான பிக், கம்பியில் மாட்டிக்கொண்டது. இரண்டு சுரங்கள் விழவேயில்லை.

ஆனால் ஒலிபெருக்கியில் அந்த இரண்டு சுரங்களும் கேட்டன.

கல்யாண மண்டபத்தில் முன்வரிசைக்காரர்கள் கைதட்டினார்கள். இந்தப் பாட்டைக் கேட்டு வாங்கிய மாப்பிள்ளை, வரவேற்பு மேடையிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

சந்திரகுமார் பதிலுக்குச் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

பாட்டின் நடுவில் வரும் அந்த வேகமான கிட்டார் பகுதியில்தான் போன மாதம் களம்பூர்க் கச்சேரியில் அவன் மாட்டிக்கொண்டான். திரும்பி வரும்போது வேனில் பரசுராமன் சத்தம்கூடப் போடவில்லை. மெல்லிசைக் குழுவை நடத்துகிறவரும் முதல் பாடகரும் அவர்தான். இன்னொரு முறை இப்படி ஆனால் அந்தப் பகுதியை லாவண்யா கீபோர்டிலேயே வாசித்துவிடட்டும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீபோர்டில் கிட்டார் சத்தம் வந்துவிட்டால் கிட்டார்க்காரன் எதற்கு?

அன்றிலிருந்து மருந்துக்கடையை மூடிவிட்டு வந்ததும் சந்திரகுமார் தாளம் தட்டும் மெட்ரோனோமை முடுக்கிவிட்டு உட்கார்ந்தான். பிக் ஒருமுறை கீழே, ஒருமுறை மேலே. மறுபடி கீழே, மேலே. மாடு நடக்கிற வேகத்தில் தொடங்கி, ஒரு தப்பும் இல்லாமல் வந்தால் மட்டும் வேகத்தை ஒரு துளி கூட்டினான். தப்பினால் பழைய வேகத்துக்கே இறங்கினான். முழங்கையை இறுக்காமல் மணிக்கட்டை மட்டும் அசைத்தான். பிக்கின் நுனி மட்டும் கம்பியைத் தொடும்படி பிடித்துப் பார்த்தான். மனைவி சந்தனா அந்தத் தாளத்துக்கே மொச்சை உரிக்கப் பழகிவிட்டாள்.

மெதுவாக வாசித்தால் சுத்தமாக வந்தது. வேகம் கூடினால் அந்த ஒரு தாவலில் சிக்கியது. ஏன் என்று கடைசி வரை பிடிபடவில்லை.

இன்றும் சிக்கியதை விரலில் உணர்ந்தான். காதில் கேட்கவில்லை.

பரசுராமன் சரணத்தைத் தொடங்கியிருந்தார். இங்கே கிட்டாருக்கு வெறும் தாள வாசிப்புதான். சந்திரகுமார் ஒரு யோசனையுடன் வலது கையைக் கம்பிகளிலிருந்து எடுத்தான்.

கிட்டார் தொடர்ந்து ஒலித்தது.

கிட்டார் பகுதியை லாவண்யாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் கிட்டாரின் இணைப்பை ஒலி மிக்சரில் மூடிவிட்டு, அவளை வாசிக்க வைத்திருக்கிறார்கள்.

திரும்பிப் பார்த்தான்.

லாவண்யா ஒரு கையால் துப்பட்டாவில் பின் குத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு கை கீபோர்டின் ஓரத்தைப் பிடித்திருந்தது. வயலின்களும் புல்லாங்குழலும் அவள் கையில்லாமலே வந்துகொண்டிருந்தன.

அவளுக்குப் பின்னால் தாளக்காரர் குப்புராஜின் குச்சிகள் ரிதம் பேடைத் தொடாமல் காற்றில் இறங்கி ஏறின. தாளம் மட்டும் பிசகவில்லை.

சந்திரகுமாருக்கு ஒரு கணம் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று தோன்றியது.

அவன் முகத்தைப் பார்த்த லாவண்யா பதறிப்போய் அவன் பக்கம் சாய்ந்தாள்.

“அண்ணே, கைய எடுக்காதீங்க. இன்னிக்கு எல்லாமே சிடியில ஓடிகினு இருக்குது, பாட்டு மட்டும்தான் நெஜம்.”

எல்லாருக்கும் தெரியுமா என்று கேட்டான். மதியமே பரசுராமன் சொல்லிவிட்டார் என்றாள். தனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். வீடியோக்காரரின் விளக்கு அவர்கள் பக்கம் திரும்பிப் போகும்வரை சிரித்தபடி இருந்துவிட்டுச் சொன்னாள்.

“நாங்க வாசிக்கிற மாதிரி நடிச்சா பொய்யின்னு தெரிஞ்சுடுதாம். நெஜமாவே கஷ்டப்பட்டு வாசிக்கிற உங்க மூஞ்சிய பாத்தாதான் ஜனங்க நம்புவாங்கன்னு பரசு அண்ணன் சொன்னாருங்க.”

கோபப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போய்விடலாம். எல்லாரும் பார்ப்பார்கள். கல்யாணக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? போகாமல் இருந்தாலும் மற்றவர்களைப் போலக் கையைக் காற்றில் ஆட்டலாம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

சரணம் முடிந்தது. அந்த வேகமான பகுதி இரண்டாவது முறையாக வந்தது.

கை தானாகக் கம்பிக்குப் போனது.

கீழே, மேலே, கீழே, மேலே. தப்பினால் கேட்க ஆளில்லை. சரியாக வந்தாலும் கேட்க ஆளில்லை. மணிக்கட்டு லேசாக இருந்தது. மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவதற்குப் பிக் எப்போது தாவியது என்றே அவனுக்குத் தெரியவில்லை. தாவி, அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது.

ஒலிபெருக்கியில் வந்ததும் விரலில் வந்ததும் ஒன்றாகவே இருந்தன.

சந்திரகுமார் நிமிர்ந்தான். முதலில் பார்த்தது பரசுராமனைத்தான்.

அவரும் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுளித்திருந்தது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, வாசிக்கிறவன் முகமா இது, கொஞ்சம் முகபாவம் காட்டு என்று வாயசைத்தார்.

சந்திரகுமார் அவரையே விழித்துப் பார்த்தான்.

பிறகு, விரல்கள் எங்கேயும் சிக்காமல் ஓடிக்கொண்டிருக்க, சிரமப்படுகிறவன் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டான்.