கருகிய சர்க்கரை

ஒன்பது நாள், மூன்று மணி நேரம்.

கைப்பேசி மறுபடியும் அடித்தது. இந்த முறை எடுத்துவிட்டாள்.

திரையில் தம்பி கார்மேகம். அவனுக்குப் பின்னால் கப்பலின் வெள்ளைச் சுவர்.

“யக்கா, அழகர் ஆத்துல எறங்கிட்டாரா?”

“இன்னும் இல்லடா. தல்லாகுளத்துலருந்து கெளம்பிட்டாராம்.”

அவள் சொல்வது கப்பலுக்குப் போய்ச் சேர இரண்டு வினாடி ஆகும். அதுவரை அவன் முகம் மாறாது. அந்த இரண்டு வினாடியில் அடுத்த பதிலைத் தயார் செய்துகொள்ளப் பழகியிருந்தாள்.

கப்பல் கரைக்கு வர இன்னும் ஆறு நாள். அதுவரை அவனிடம் மூச்சு விடக்கூடாது என்று பெரியப்பா சொல்லியிருந்தார். நடுக்கடலில் கிடக்கிற பையன் கேட்டு என்ன செய்வான்?

மொட்டைமாடியிலிருந்து தெருவைக் காட்டினாள்.

விடிந்துகொண்டிருந்தது. பெண்கள் வைகைக்குப் போனார்கள். கையில் சர்க்கரை நிரப்பிய செம்பு. செம்பின் வாயில் வாழையிலை. அழகரைக் கண்டதும் அதன்மேல் கற்பூரம் ஏற்றுவார்கள்.

“நீ போகல?”

“கால்ல சுளுக்கு.”

“ஒன்னையத் தூக்க அழகரோட குதிரைதான் வரணும்.”

சிரித்தாள். சிரிப்பு சரியாகவே வந்தது.

“அப்பா?”

“கூட்டத்துல நிப்பாரு. போனை வீட்ல வச்சிட்டுப் போயிட்டாரு.”

“அவரு என்னைக்கு எடுத்துட்டுப் போனாரு?”

சின்ன வயதில் ஒரு வருஷம் கோரிப்பாளையத்தில் கூட்டம் நெரித்தது. கார்மேகம் அப்பாவின் தோளில். அழகருக்காக வேஷம் கட்டியவர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் கற்பூரத்தை அணைத்தது. அப்பா மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை நின்று எரிந்தது.

இலை கருகும். அடியில் சர்க்கரை உருகிப் பழுப்புக் கட்டியாகும். அதற்காக அக்காவும் தம்பியும் வீடு வரும்வரை அடித்துக்கொள்வார்கள்.

சர்க்கரை உருக நூற்று எண்பத்தாறு டிகிரி வேண்டும் என்று பின்னாளில் கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொன்னாள்.

“அழகருக்கு அதெல்லாம் தெரியுமாத்தா?” என்றார் அப்பா.

“யக்கா, நம்ம செம்பை ஏத்திக் காட்டு” என்றான் கார்மேகம். “கருகுன கட்டி எனக்கு. டப்பால போட்டு வையி. ஆறே நாளு, வந்துருவேன்.”

கீழே இறங்கினாள்.

அடுப்படியில் செம்பைக் கழுவினாள். துடைத்தாள். சர்க்கரையைக் கொட்டினாள். வந்தவர்களுக்குச் சோறு போட்டதில் மிஞ்சிய இலைக்கட்டு மூலையில் கிடந்தது. ஒரு துண்டு கிழித்து மூடினாள். கற்பூரத்தை வைத்தாள்.

கைப்பேசியை உப்பு ஜாடியில் சாய்த்து நிறுத்தினாள்.

“தெரியுதா?”

இரண்டு வினாடி.

“தெரியுது, தெரியுது. ஏத்து.”

தீக்குச்சியைக் கிழித்தாள். கற்பூரத்தருகே கொண்டுபோனாள்.

பின்னால், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள். ஒன்பது நாளாக அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

“ஏத்தாதடி.”

கற்பூரத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது தீ.

“தீட்டு வீட்டுல ஏத்தக்கூடாது. ஒங்கப்பா செத்து இன்னும் காரியமே கழியல.”

தீ விரலைத் தொட்டது.

திரையில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.