உச்சியைத் தொட்ட பதிவு

பரிதி பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வழக்கம்போல் மனைவி மகிழினியின் வலைப்பூவைத் திறந்தான். மலையேறப் போனவள் பனிச்சரிவில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன்பின் தளமே, செயற்கை நுண்ணறிவால், அவள் நடையில் தினமும் பதிவு எழுதிக்கொண்டிருந்தது.

இன்று, 'உச்சியைத் தொட்டுவிட்டேன்' என்றிருந்தது. கீழே அவள் அண்ணன்கூட, "சாதிச்சுட்டியே குட்டி!" என்று எழுதியிருந்தார்.

தளம் எழுதுவதை நிறுத்தப் போனான். நிறுத்தினால் அவளே எழுதிய பழைய பதிவுகளும் அழிந்துவிடும் என்று தளம் எச்சரித்தது. உறைந்த பற்பசையை அக்குளில் வைத்து இளக்கிய கதையும் அவற்றில் இருந்தது. அதை ஒருமுறை படித்துச் சிரித்துவிட்டு, நிறுத்தினான்.

கடைசி நாள் தொலைபேசியில் அவள் உண்மையில் சொன்னது வேறு.

"உச்சி வேணாம்டா, பாதியிலேயே திரும்பிட்டேன். நீ பாலைப் பாரு, பொங்கிடப் போகுது."