நாடிக்கட்டு

குன்றாண்டார்கோவில் பக்கத்து ஓட்டுவீட்டு முற்றத்தில், சீரியலுக்காகச் செத்துப்போன அடைக்கலம் பெஞ்சில் கிடக்கிறார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒட்டவைத்த ஒற்றை ரூபாய், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியில் நாடிக்கட்டு. லைட்டின் சூடு மூடிய இமைக்குள் சிவப்பாகக் கொதிக்கிறது. இந்தக் காட்சிக்கு வசனமும் அவர்தான். புதுக்கோட்டை மேடையில் தான் போட்ட நாடகத்திலிருந்து பிடுங்கிக் கொடுத்த வசனம்: புருஷனைப் பறிகொடுத்தவள் கொழுந்தனைப் பார்த்து, "நான் கல்லு சுமந்து கட்டுன வீடு. நீ வெளிய போ" என்பாள். ஆனால் மனைவியாக நடிக்கும் வைஷ்ணவி இப்போது கொழுந்தன் காலைக் கட்டிக்கொண்டு, "ஒரு மூலையில கெடந்துக்கிறேன் தம்பி, வெரட்டிறாதீங்க" என்று கதறுகிறாள். அடைக்கலத்துக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறுகிறது. நாடிக்கட்டை இழுத்துவிட்டு எழுந்து உட்காருகிறார். "எவன்டா மாத்துனது? அவ கெஞ்ச மாட்டாடா!" ஒப்பாரிக்குக் கூட்டிவந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். டைரக்டர் கோபிநாத் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறார். "சேனல்ல மாத்தச் சொன்னாங்கண்ணே. பொணம் பேசக் கூடாது, படுங்க. யப்பா, அந்தக் கட்ட நல்லா இறுக்கிக் கட்டு." மேக்கப்காரர் இறுக்குகிறார். துணிக்குள் பல் நறநறக்கிறது. "ரெடி. கண்ண மூடுங்கண்ணே." அடைக்கலம் மூடவில்லை. "அண்ணே, கண்ணு!" மானிட்டர் நிறைய இரண்டு சிவந்த கண்கள் கோபிநாத்தையே முறைக்கின்றன.