பெங்களூர்க்காரன் கொடுத்த ரோஜா

பூவுக்குள் மூக்கை நுழைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தேன்.

ஒன்றும் இல்லை.

மறுபடி இழுத்தேன். ஒரு எறும்புதான் மூக்கில் ஏறியது.

"ஏமாத்திட்டான்" என்றேன்.

எழுபத்திரண்டாம் வருஷத்து மார்கழிக் காலை. கிணற்றடியில் பனி இன்னும் விலகவில்லை. செடியில் ஒரே ஒரு பூ, என் உள்ளங்கை அகலத்துக்கு, கறுப்பு ஓடிய சிவப்பில் இருந்தது. நிறத்தில் குறை சொல்ல முடியாது. நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். அந்த அரக்கு வர நானே நூலை இரண்டு முறை முக்க வேண்டியிருக்கும்.

ஆனால் நிறத்துக்காக நான் அதை வாங்கவில்லை.

போன வருஷம் நெசவாளர் சங்கத்துக்கு நூல் எடுக்கப் பெங்களூர் போனபோது ஒரு நர்சரிக்காரர், "கிரிம்சன் குளோரி. ரோஜாவில் இதற்கு மேல் வாசனை கிடையாது" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அந்த ஒட்டுச்செடியை மடியில் வைத்துக்கொண்டே காஞ்சிபுரம் வரை பஸ்ஸில் வந்தேன். இறங்கும்போது என் வேட்டி சல்லடை.

அதன் பிறகு செய்ததையெல்லாம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மீன் கழுவிய தண்ணீரை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி ஊற்றினேன். டீக்கடையில் தூள் சக்கைக்குக் கெஞ்சினேன். உச்சி வெயிலில் செடிக்குக் குடையைக் கட்டிவிட்டு, நான் தலையில் துண்டோடு சாயப்பட்டறைக்குப் போனேன். என் மனைவி செல்லியம்மாளுக்கு நான் ஒரு நாளும் குடை பிடித்ததில்லை. அவள் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை.

போதாததற்கு, "பூக்கட்டும், அப்புறம் பாருங்க" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

செல்லியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீயே பாரு" என்றேன்.

குனிந்தாள். அப்படியே இருந்தாள். ஒரு பூவை முகர அவ்வளவு நேரம் ஆகாது.

நிமிர்ந்தபோது என்னைப் பார்க்காமல் செடியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமாங்க. வாசனையே இல்ல. நல்லா ஏமாத்திட்டான்."

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஏமாந்தவனுக்கு எதற்கு நிம்மதி என்று அப்போது தோன்றவில்லை. பெங்களூர்க்காரரை வாய் வலிக்கத் திட்டினேன். அவருடைய அப்பா, தாத்தா யாரையும் விடவில்லை. நான் மூச்சு வாங்கிய இடங்களில் செல்லியம்மாள் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு சாமுவேல் வேலிப் படலுக்கு மேலே தலையை நீட்டினான். பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையில் பாதிப் பொத்தான்தான் போட்டிருந்தான்.

"இன்னாபா பழனி, பூத்துடுச்சா? எங்க வூட்டு அடுப்பங்கரை வரைக்கும் வந்துக்கினு இருக்குது வாசனை."

நான் செல்லியம்மாளைப் பார்த்தேன்.

"அது ஊதுவத்திண்ணா" என்றாள் வேகமாக. "இப்பதான் சாமிக்கு ஏத்தினேன்."

எங்கள் வீட்டில் ஊதுவத்தி தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வாங்கி வரச் சொன்னவள் அவள். மறந்தவன் நான்.

எல்லாம் ஒன்றாக வந்து நின்றது.

ஊசிப்போன சாம்பாரை நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்கு மறுநாளிலிருந்து அவள் எதையும் தான் ஒரு வாய் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போட்டாள். பால் தீய்ந்து வீடே புகைய, பக்கத்தில் உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டறையில் என்னோடு வேலை செய்யும் தர்மன், தொட்டியில் ஆசிட் ஊற்றும்போதெல்லாம் சில மாதங்களாக என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே ஊற்றினான். மூத்தவன் என்று மரியாதை கொடுக்கிறான் என நினைத்திருந்தேன். ஆசிட் நெடி எனக்கு ஏறாது என்று அவனிடம் போய்ச் சொன்னது யார் என்று இப்போது தெரிந்தது.

வாசனை தெரியலையா என்று யார் கேட்டாலும் ஜலதோஷம் என்றேன். இரண்டு வருஷம் நீடித்த ஜலதோஷம் இந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான். அதற்கு ஒரு முடிவு தெரியத்தான் இருப்பதிலேயே வாசனையான ரோஜாவைத் தேடிப் போனேன். இந்த வாசனையும் தெரியாவிட்டால் என்று நினைப்பேன். நினைப்பை அதோடு நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். ஒரு வருஷம் அப்படியே ஊற்றியிருக்கிறேன்.

"ஊதுவத்தியாம்மா இது?" என்றான் சாமுவேல்.

"ஊதுவத்திதான்பா" என்றேன் நான். "பூவுல ஒண்ணும் இல்ல."

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். டூட்டிக்கு நேரமாச்சு என்று முனகிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

செல்லியம்மாள் உள்ளே போகத் திரும்பினாள்.

"இரு" என்றேன். "எப்படி இருக்குதுன்னு சொல்லு."

எது என்று அவள் கேட்கவில்லை. திரும்பி வந்து, பூவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குனிந்தாள்.

"கிராம்பு மாதிரி" என்றாள். மறுபடி முகர்ந்துவிட்டு, "பன்னீர் தெளிச்ச கல்யாண வூட்டுக்குள்ள நுழையிற மாதிரி."

"அவ்ளோதானா?" என்றேன். கிண்டலாகத்தான் கேட்க நினைத்தேன்.

அவள் முகத்தை எடுக்கவில்லை.

"இருங்க" என்றாள். "இன்னும் இருக்குது."