பக்கத்துக் கட்டில் கண்டக்டர்

"மிஸ், ஒண்ணு அந்தப் பையனை மாத்துங்க, இல்லாட்டி என்னை மாத்துங்க" என்றார் சுந்தரலிங்கம்.

நர்ஸ் பிரேமிளா கட்டில் காலியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுந்தரலிங்கம் மாநகர சபையில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். மஹய்யாவையில் வீடு. இரத்தப் புற்றுநோய் என்று வார்டில் சேர்த்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில் யுகேஷுக்கும் அதே நோய்தான். அவன் கலஹா பஸ்ஸில் கண்டக்டர்.

எல்லாம் டாக்டர் சொன்ன விளக்கத்தால் வந்த வினை. சுந்தரலிங்கத்தின் எலும்புக்குள் சில அணுக்கள் வளராமலே கூட்டம் சேர்ந்து நிற்கின்றனவாம். தினமும் விழுங்கத் தரும் இந்தக் குளிசை அவற்றைக் கொல்லாதாம், வளர வைக்குமாம். வளர்ந்துவிட்டால் அவையே நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களாகிவிடுமாம்.

சுந்தரலிங்கம் நம்பவில்லை. ரவுடிக்குக் காக்கிச்சட்டை மாட்டிக் காவலுக்கு நிறுத்துவது என்ன வைத்தியம் என்று மனைவி புஷ்பத்திடம் கேட்டார். இரண்டு நாள் குளிசையை நர்ஸுக்குத் தெரியாமல் தலையணை உறைக்குள் போட்டார். யுகேஷ் பார்த்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலை, குளிசை வந்ததும் யுகேஷ் கட்டில் கம்பியில் தட்டினான்.

"எலும்புக்குள்ள நெருக்கிக்கிட்டு நிக்கிறவங்க வளர்ந்து முன்னுக்கு வாங்க! ஐயாவும் குளிசையைப் போடுங்க. ரெண்டு பேரும் ஏறினாத்தான் பஸ் எடுக்கலாம்."

வார்டே சிரித்தது. சுந்தரலிங்கத்துக்கு மானம் போனது. அவன் வாயை மூடவைக்க வேறு வழி தெரியாமல் குளிசையை விழுங்கினார். உடனே தட்டல் நின்றது.

தினமும் இதே கூத்து. எதிர்க்கட்டில் ஜவாஹிர் நானா வாயாலேயே ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார். சுந்தரலிங்கம் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டும்வரை யுகேஷ் விடமாட்டான். புஷ்பம் பெரிய டாக்டரிடம் இரண்டு தடவை முறைப்பாடு சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. அணுக்கள் வளரத் தொடங்கிவிட்டன, இனிப் பயமில்லை என்றார் டாக்டர். புஷ்பம் அழுதாள். சுந்தரலிங்கத்துக்கு ஊரில் எல்லோரையும் மன்னிக்கலாம் போலிருந்தது.

பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடந்தது. யுகேஷை ஊசிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள்.

"அவன் அணுவெல்லாம் எனக்கு முன்னாடியே வளர்ந்திருக்குமே, மிஸ்? அந்தக் கத்துக் கத்தினானே" என்று கேட்டார்.

படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த பிரேமிளா நிமிர்ந்தாள்.

"அவருக்கு வந்திருக்கிறது வேற வகைங்க ஐயா. அதுக்கு இந்தக் குளிசை கேக்காது. இவ்வளவு நாளும் அவரு கூப்பிட்டது உங்க அணுக்களைத்தான்."