பச்சை மையில் சேர்த்தவை

அன்பழகன் பச்சை மையில் சேர்த்திருந்ததையெல்லாம் கார்குழலி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள்.

'புயலில் சிக்கிய படகு' போயிற்று. 'அடி தெரியாத கிணறு' போயிற்று. 'சிறகொடிந்த பறவை' மட்டும் மூன்று இடங்களில் உட்கார்ந்திருந்தது. மூன்றையும் விரட்டினாள்.

உப்பளம் பகுதியில் ஒரு மாடியறையில் பதிப்பகம் நடத்துகிறவர் அன்பழகன். அவள் எழுதிக் கொடுத்தது நூற்றிருபது பக்கம். தூக்கமில்லாத வாரங்கள், மாத்திரையால் நடுங்கிய கை, காப்பகத்தில் கழிந்த இரண்டு வருஷம். அவ்வளவும் அவள் வாழ்க்கை.

அவர் கோபப்படவில்லை. மனநோயை அனுபவிக்காதவனுக்கு அது எப்படிப் புரியும், உவமை இருந்தால்தானே உறைக்கும் என்றார். இப்போது இருப்பது மருத்துவமனைச் சீட்டு மாதிரி இருக்கிறது, இப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது என்றும் சொன்னார்.

அவள் நிமிராமலே பதில் சொன்னாள். படகு எதுவும் தன் கண்ணில் படவில்லை. மின்விசிறிதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அதைத்தான் எழுதியிருக்கிறாள்.

"வீம்பு புடிக்காதம்மா. உனக்கே நல்லா வருது. எழுபத்திரண்டாம் பக்கத்தப் பாரு, நான் கையே வைக்கல."

அந்தப் பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் பச்சைக் கோடு இழுத்திருந்தார். ஓரத்தில் 'அருமையான உருவகம்' என்று குறிப்பு.

'2016 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, நான் செத்துப்போனேன்.'

இதுபோல இன்னும் பத்து வரி கொடுத்தால் அடுத்த வாரமே அச்சுக்குப் போய்விடும் என்றார்.

கார்குழலி அந்த ஓரக் குறிப்பையும் அடித்தாள்.

பிறகு துணிப்பையிலிருந்து சட்டம் போட்ட படம் ஒன்றை எடுத்துத் தாள்களின் மேல் வைத்தாள். சந்தனச் சீவல் மாலை தூசியேறிக் கிடந்தது. சின்னச் சிவப்பு பல்பின் ஒயர் மேசைக்குக் கீழே தொங்கியது. கண்ணாடிக்குள் கல்லூரிக் காலத்துக் கார்குழலி சிரித்துக்கொண்டிருந்தாள். அடியில் தோற்றம், மறைவு என இரண்டு தேதிகள்.

அன்பழகன் இரண்டாவது தேதியைப் படித்தார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தாங்க சார், அன்னிக்குக் காலைல எங்கப்பா கூடத்துல மாட்டுனது. போன மாசம் நானே போய்க் கழட்டிட்டு வந்துட்டேன். அட்டையில இதப் போடுங்க. உள்ள ஒரு எழுத்து மாத்தக் கூடாது."